அப்பளச் செடிக்கு உயிர்ச் சான்று

என் சம்பந்தியம்மா அந்தச் செடியை நீட்டியபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கை தானாக நீண்டுவிட்டது. பெண்ணைக் கொடுத்த இடம் எதை நீட்டினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், வெற்றிலை பாக்காக இருந்தாலும் சரி, வில்லங்கமாக இருந்தாலும் சரி.

அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். காரைக்காலில் அதைச் சொல்லி யாரையும் மலைக்க வைக்க முடியாது, தெருவுக்கு இரண்டு வீடு அப்படி இருக்கும். அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த மனிதர் பிரான்ஸில் ஒரு நாள் காலையில் ரொட்டி வாங்கப் போய், கடை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அதிலிருந்து சம்பந்தியம்மா குளிர் மாதங்களில் காரைக்கால், மார்ச் முடிந்ததும் பிரான்ஸ் என்று இரண்டு கரைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார். என் மகளும் மாப்பிள்ளையும் பாரிஸில். இவர் அங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில், நாலாவது மாடியில், கணவரோடு இருந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று தனியாக இருக்கிறார்.

"இது அவரு வச்ச செடி சம்பந்தி," என்றார். "பால்கனியில நாப்பது தொட்டி வச்சிருந்தாரு. அவரு போனப்புறம் ஒண்ணொண்ணா எல்லாம் போச்சு. எனக்குக் கைராசி இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம், பையில வச்சு இங்க கொண்டாந்தேன். நான் திரும்பி வர்ற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நீங்கதான் கண்டிப்பானவங்க."

கண்டிப்பு என்று அவர் மரியாதையாகச் சொன்னது என் முன்கோபத்தை. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். பிறந்த தேதியை இரண்டு மாதம் முன்னே தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சி வந்தவர்களை எல்லாம் வாசல் வரை விரட்டியிருக்கிறேன். இருப்பதை இருக்கிறது என்றும் போனதைப் போனது என்றும் எழுதுவதுதான் என் வேலை, அதில் ஒரு எழுத்துகூட நான் பொய்யாக எழுதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியம் எவ்வளவு கேவலம் என்பது புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

"இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அவரு அப்பளம்னு கூப்புடுவாரு."

பார்த்தால் அப்பளம்தான். தண்டு என்று ஒன்று கிடையாது. சதைப்பற்றான பச்சை இலைகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் இருந்து சுற்றிச் சுற்றி அடுக்கி, மொத்தமும் தட்டையாகத் தொட்டி வாயோடு ஒட்டிக் கிடந்தது. விளிம்பெல்லாம் மெல்லிய வெள்ளை முடி. மேலே ஒரு காபி டம்ளரை வைக்கலாம் போல அவ்வளவு சமமாக இருந்தது. என் வீட்டுக்காரர் உண்மையிலேயே வைக்கப் போனார், நான் போட்ட சத்தத்தில் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார்.

சம்பந்தியம்மாவுக்கு வருடத்துக்கு ஒரு பரீட்சை உண்டு. கணவருடைய பென்ஷனில் ஒரு பங்கு இவருக்கு வருகிறது. அதற்கு, இவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரு காகிதத்தில் சீல் வாங்கி அனுப்ப வேண்டும். நேரில் போய் நிற்க வேண்டும். ஒரு தடவை நான் துணைக்குப் போயிருந்தேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டப்பென்று குத்தினார். வெளியே வந்ததும் இவர், "நான் இருக்கேனான்னு பாக்கறதுக்கு வருஷத்துல ஒரு ஆளாச்சும் இருக்காரே சம்பந்தி," என்றார். தமாஷாகத்தான் சொன்னார், நானும் சிரித்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அதே முறையைத் தன் செடிக்கும் வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி, அங்கே மதியம் பன்னிரண்டரை. வீடியோவில் கூப்பிடுவார். நான் கேமராவைத் திருப்பிச் செடியைக் காட்ட வேண்டும். அவர் பார்த்து, "ம், இருக்கு," என்பார். இதற்கு ஒரு நிமிடம். அப்புறம் லிஃப்ட் ரிப்பேரானது, கீழ் வீட்டுக்காரியின் நாய், தொண்டைக்கட்டு, வெண்டைக்காய் விற்கிற அநியாயம் என்று முக்கால் மணி நேரம் ஓடும். அந்த முக்கால் மணி நேரமும் அவர் பக்கம் எனக்குத் தெரிவது அரை நெற்றியும் அவர் வீட்டுக் கூரையும்தான், போனை அப்படித்தான் பிடிப்பார். என் பக்கம் அவருக்குத் தெரிவது செடி. "உயிர்ச் சான்று வாங்கியாச்சா?" என்று என் வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்பார். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமெல்லாம் போகிறதே என்று நான் அவர்மேல் எரிந்து விழுவேன்.

பேர் தெரியாத ஒன்றை எப்படி வளர்ப்பது? போனில் செடியைப் படம் பிடித்தால் பேர் சொல்லும் செயலி ஒன்றை மகள் இறக்கிக் கொடுத்தாள். முதல் படத்துக்கு முட்டைக்கோஸ் என்றது. வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன், சூரியகாந்தி என்றது. நாற்காலியில் ஏறி நின்று நேர் மேலே இருந்து எடுத்தேன், கால்மிதி என்றது. போனை ஓங்கி எறியப் போனவளை, அது போன வருடம் வாங்கிய போன் என்ற ஒரே நினைப்புதான் தடுத்தது.

அப்போதுதான் சுரக்குடியில் இருந்து என் அண்ணன் வந்தார். முழுநேர விவசாயி, நெல்லைத் தவிர வேறு எதையும் பயிராக மதிக்காதவர். செடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், குனிந்து பார்த்தார்.

"அட இது நம்ம ஆகாயத்தாமரை சாதி பாப்பா!" என்றார். அறுபது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

ஆகாயத்தாமரை எங்கள் குளங்களில் மிதப்பது. ஊதாப் பூ பூக்கிற வெங்காயத்தாமரை வேறு. இது பச்சை ரோஜாப்பூ மாதிரி இலையடுக்கோடு தண்ணீரை மூடிக்கொண்டு கிடக்கும்.

"தண்ணியில வளர்ற சாதியக் கொண்டாந்து காஞ்ச மண்ணுல வச்சா எப்புடி? சேறு வேணும், தண்ணி நிக்கணும். நீ இரு, நான் பாத்துக்கறேன்."

மறுநாளே ஒரு மூட்டை வாய்க்கால் வண்டல் வந்து இறங்கியது. கூடவே மக்கிய சாணம். எங்கள் டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, தண்ணீர். பயிர் வாடினாலும் தண்ணீர், பழுத்தாலும் தண்ணீர், மனிதன் மயங்கி விழுந்தாலும் முதலில் தண்ணீர். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் கண்ணில் பட்டால் கட்டி நிறுத்தாமல் இருக்க முடியாது. அண்ணன் தொட்டியின் அடி ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, வண்டலைக் குழைத்து, செடியை நாற்று நடுகிற மாதிரி பெருவிரலால் அழுத்தி நட்டு, மேலே இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் கட்டினார். நானும் பக்கத்தில் சொம்போடு நின்றேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்டால், அண்ணனோடு வயலுக்குப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

கத்திரி வெயில் தொடங்கி நாலு நாளில் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் பரண் முழுக்கத் தேடினார். எலி இல்லை. அப்பளத்தின் வெளிச்சுற்று இலைகள் கூழாகிவிட்டிருந்தன, தொட்டால் விரலோடு வந்தன. அலறிக்கொண்டு பிடுங்கிக் கழுவினேன். அழுகியதை எல்லாம் கிள்ளிப் போட்ட பிறகு மிஞ்சியது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மொட்டு. பழைய சரளை மண்ணை ஒரு சின்னத் தொட்டியில் போட்டு அதைச் செருகினேன். மறுநாள் அது இன்னும் இறுகி மூடிக்கொண்டது. கொல்லைப்புறத்தில் சன்ஷேடுக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு, போனது போனதுதான் என்று முடிவு கட்டினேன். இருபத்தெட்டு வருட அனுபவம் அப்படிச் சொன்னது.

அன்று சனிக்கிழமை. மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா! அத்தைக்கு அது செடி இல்லம்மா. தெனம் அதப் பத்திதான் பேசுறாங்க. மாமா படத்துக்குக் கீழ அந்தச் செடி போட்டோவ ஒட்டி வச்சிருக்காங்க. செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லிடாத. நான் இங்க தலையக் காட்ட முடியாது."

"பொய் சொல்லச் சொல்றியா? என்னையா?"

"பொய் சொல்ல வேணாம். எதையாச்சும் காட்டு."

இரவெல்லாம் புரண்டேன். அந்த மனிதர் வைத்த நாற்பதில் முப்பத்தொன்பது அங்கே போயிற்று, கடைசி ஒன்றை நான் சேற்றில் புதைத்துக் கொன்றேன். இதை எந்த வாயால் சொல்வது? ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

"என்னங்க, தெருக்கோடிக் குளத்துக்குப் போயி ஒரு ஆகாயத்தாமரை எடுத்துட்டு வாங்க. நல்லா தட்டையா, அழகா, பூச்சி இல்லாம."

மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஈரத்தைத் துடைத்து, வேரை எல்லாம் கத்தரித்து, அப்பளத்தின் பழைய தொட்டியில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று கேமராவைக் காட்டினேன்.

"கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கே சம்பந்தி?"

"வெயிலு சம்பந்தி. இங்க என்ன வெயில்ங்கறீங்க!"

"இலையில கோடு கோடா இருக்கு?"

"வளருது. வளர்ந்தா கோடு வரத்தானே செய்யும்?"

ஒரு பெருமூச்சு கேட்டது. "ம், இருக்கு," என்றார். அப்புறம் லிஃப்டைப் பற்றி ஆரம்பித்தார். செத்தவர் பேரில் பென்ஷன் வாங்குகிறவர்களை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! இப்போது என் வீட்டுக் கூடத்திலேயே அதே வேலை நடந்தது.

ஆகாயத்தாமரை தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் தாங்காது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக ஒன்று தேவைப்பட்டது. போன வாரத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதால் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக் குளத்தில் இறங்கி, பத்தை இருபதை அள்ளிக் கரையில் போட்டு, ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஆகஸ்டில் தெரு வாட்ஸ்அப் குழுவில் அவருடைய போட்டோ வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். ஞாயிறுதோறும் தனி ஆளாகக் குளத்தைச் சுத்தம் செய்யும் பெரியவர் என்று கீழே எழுதி, ஐம்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். சுதந்திர தினத்தன்று தெருமுனையில் கொடியேற்றிய கையோடு அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இவர் அதை மறுக்கவில்லை. "ஏதோ என்னால முடிஞ்சது," என்று மைக்கில் வேறு சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், துணி காயப்போடக் கொல்லைப்புறம் போனேன். சன்ஷேடுக்குக் கீழே நான் வைத்துவிட்டு மறந்த சின்னத் தொட்டியைப் பூனை எப்போதோ உருட்டிவிட்டிருந்தது. சுவரோரம் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. நாலு மாதமாக அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் நான் விட்டதில்லை. அதன் வாயில் இருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக, தட்டையாக, முடி வைத்த விளிம்போடு அப்பளம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணி வாளியை அப்படியே போட்டேன். "ஐயோ என் ராசா!" என்று நான் கத்தியதில் என் வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அப்படி நான் கூப்பிட்டதில்லை, பாவம்.

இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று, திருநள்ளாறு போகிற சாலையில் இருக்கும் ஒரு நர்சரிக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன், படுத்த வாக்கிலேயே. நர்சரிக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"இது ஏயோனியம்னு ஒரு செடிம்மா. அதுலயும் தட்டு மாதிரி படுக்குற வகை. இந்தப் பக்கம் இத நான் பாத்ததே இல்ல. எங்கயோ கடல்ல தீவுல, செங்குத்துப் பாறையில ஒட்டிக்கிட்டு வளர்றது. யாரும்மா சாச்சு வைக்கச் சொன்னா?"

"பூனை."

"பூனைக்குத் தெரிஞ்சிருக்கு. நிமித்தி வச்சா நடுவுல தண்ணி தங்கி அழுகிடும். வெயில் காலத்துல இது தூங்கும், மூடிக்கிட்டு சின்னதாயிடும். செத்துப்போச்சுன்னு நெனச்சுத் தண்ணி ஊத்துனா அப்பத்தான் சாவும். தூங்குறத எழுப்பக் கூடாது."

சரளையும் உடைத்த ஓடும் கொஞ்சம் கிளிஞ்சல் தூளும் கலந்து, தொட்டியைச் செங்கலில் முட்டுக்கொடுத்துச் சாய்த்து, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். ஐப்பசி மழை கொட்டியபோது நடு வீட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணன் வந்தால் கதவைப் பூட்டினேன். நர்சரிக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறே கேமராவைக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு இலையாகக் காட்டினேன். என் வீட்டுக்காரருக்குத்தான் மனசே இல்லை. பொன்னாடை வாங்கிய மனிதர், குளத்துக்குப் போவதை நிறுத்த முடியாமல் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்.

டிசம்பரில் சம்பந்தியம்மா வந்தார். செடி அதற்குள் டிபன் தட்டு அளவு ஆகியிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து விளிம்பு முடியை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம். "அவரு இருந்தப்பகூட இம்புட்டுப் பெருசு ஆனதில்ல," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"ஒண்ணு தெரியுமா சம்பந்தி? நீங்க காட்டுறப்ப நான் போன்லயே போட்டோ எடுத்து வச்சுக்குவேன். அங்க அவரு வழக்கமா செடி வாங்குற கடைக்காரன்கிட்ட ஆசையா காட்டுனேன். அவன் சொல்றான், மதாம், இது அந்தச் செடி இல்ல, இது குளத்துல மெதக்கறதுன்னு. எனக்கு வந்துச்சே கோவம்! என் சம்பந்தி செத்தவங்களுக்கே பொய் எழுதாதவங்க, அவங்களையா சந்தேகப்படுறன்னு கடையில அத்தன பேரு முன்னாடி நல்லாக் குடுத்துட்டேன். இப்ப அந்தப் பக்கமே போறதில்ல."

நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். அடுப்பு எரியவே இல்லை.

ஜனவரியில் பொங்கல் கழித்து அப்பளத்தின் நடு மேடு தட்டியது. கூம்பாக எழும்பி, ஒரு சாண், இரண்டு சாண் என்று வளர்ந்து, கிளை கிளையாக மஞ்சள் மொட்டு வைத்தது. சம்பந்தியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் ஆட்டோ பிடித்துத் தருமபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் பூ விரிந்ததும் சொந்தத்தில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கணவர் படத்தைப் பக்கத்தில் சார்த்தி, கேசரி கிண்டினார். நான் பெருமையில் ஒரு போட்டோவை நர்சரிக்காரருக்கு அனுப்பியிருந்தேன். கேசரி தட்டுகள் சுற்றி வரும்போது பதில் வந்தது. முதலில் "வாழ்த்துகள்", ஒரு பூங்கொத்துப் படம். அடுத்தது: "இது ஒரே தடவைதான் பூக்கும். பூத்து முடிஞ்சதும் செடி போயிடும். விதை எடுத்து வச்சுக்குங்க."

வாழை குலை தள்ளிவிட்டுச் சாய்கிற மாதிரிதான். ஆனால் வாழைக்குப் பக்கக் கன்று இருக்கும். இதற்கு அதுவும் இல்லை.

"இனிமே வருஷா வருஷம் அவரு திதிக்கு இது பூக்கும் பாருங்க," என்று சம்பந்தியம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"பூக்காது சம்பந்தி! இது செத்துப்போகும். ஒரு தடவதான் பூக்குமாம். இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தக் கடைக்காரன் சொன்னது நெசம். நான் உங்களுக்குக் காட்டுனது ஆகாயத்தாமரை. நாலு மாசம் காட்டுனேன். இது செத்துப்போச்சுன்னு நெனச்சுப் பயந்து போயிக் காட்டுனேன்."

பன்னிரண்டு கரண்டியும் நின்றன. என் வீட்டுக்காரர் மட்டும் மென்றுகொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா செடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அவரு சொல்லாம கொள்ளாம போனாரு," என்றார் மெல்ல. "இது பூத்துச் சொல்லிட்டுப் போகுது." பிறகு என் பக்கம் திரும்பியபோது குரல் மாறியிருந்தது. "ஆனா நான் உங்களுக்காகச் சண்ட போட்டேனே சம்பந்தி! நம்ம ஆளுங்க ஒருத்தர் இல்லாத எடத்துல, ஒத்த ஆளா நின்னு!" பையை எடுத்துக்கொண்டு கேசரியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

ஒன்பது நாள் பேச்சில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அவர் இதே ஊரில்தான் இருந்தார், இருந்தும் அந்த இரண்டு ஞாயிறும் நாலு மணிக்கு நான் சும்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்கம் கிடைத்ததே என்று தூங்கியிருக்க வேண்டியதுதானே? தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவின் லிஃப்டை ரிப்பேர் பார்த்தார்களா இல்லையா என்று யோசித்தேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள்.

பத்தாம் நாள் அவரே வந்து வாசலில் நின்றார், கையில் ஒரு பூதக்கண்ணாடி. "வெதை எடுக்கணும்னு சொன்னாராமே நர்சரிக்காரரு. உங்க கண்ணு எப்படி?" என்றார். "உங்க கண்ணவிடப் பரவால்ல," என்றேன். அவ்வளவுதான் சமாதானம்.

பூவெல்லாம் காய, இலைகள் ஒவ்வொன்றாகச் சுருள, மார்ச் மூன்றாவது வாரம் விதை முற்றியது. விதையா அது? தூசி. செய்தித்தாளை விரித்து இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காய்ந்த பூவாகத் தட்டி, நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்புக் குவியல் சேர்த்தோம். மதியம் முழுக்க ஆயிற்று. என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "என்ன இப்படி வேர்க்க வேர்க்க உக்காந்திருக்கீங்க?" என்று பரிவாகக் கேட்டபடி ஃபேனைப் போட்டார்.

குவியல் இருந்த இடத்தில் தலைப்புச் செய்தி தெரிந்தது. நான் திட்டியது எதையும் இங்கே எழுத முடியாது. சம்பந்தியம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்க சம்பந்தி. அவருக்கும் ஃபேன் இல்லாம உக்கார முடியாது," என்றார். ஒட்டியது கிட்டியதைத் துணியால் ஒற்றி எடுத்துச் சரளையில் தூவி வைத்தோம். இன்றுவரை ஒன்றும் முளைக்கவில்லை. மார்ச் கடைசியில் அவர் விமானம் ஏறினார்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. நாலு மணிக்குக் காய்ந்த தண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நைட்டிமேல் துண்டோடு, எண்ணெய் வழியும் முகத்தோடு கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தேன். இனி எதற்குக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. வழக்கம்போல அரை நெற்றி, கூரை. நானும் பழக்கதோஷத்தில் கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டேன்.

"சம்பந்தி, இங்க ஒண்ணும் இல்லீங்களே. எதக் காட்டுறது?"

"போனத் திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான்."

திருப்பினேன். கூச்சமாக இருந்தது. துண்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வது தெரிந்தது.

"ம், இருக்கீங்க," என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்கு என்ன வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

"நீங்க இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். "ஒரு வருஷமா நெத்தியத்தான் காட்டுறீங்க. நெத்திய மட்டும் பாத்துட்டு நான் சீல் குத்த மாட்டேன். போன எறக்குங்க!"

போன் மெல்ல இறங்கியது. கண், மூக்கு, வாய், முகவாய் என்று முழு முகமும் வந்தது. பின்னால் ஒரு மேசை, அதில் எதுவும் இல்லை.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. ஒருத்திக்கு என்னத்த ஆக்குறதுன்னு உக்காந்துட்டேன்."

"போயி ஒலை வைங்க. நான் போன வைக்க மாட்டேன்," என்றேன்.

அவர் போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார்.